பழைய விளையாட்டுக்குப் புதிய கட்டம்: ஏன் இப்படிக் காத்துக் கிடக்கிறோம்?

உவர்மலைக்காரன் | வெள்ளி, இரவு 10.42

தள்ளுபடியில் கிடைத்ததென்று போன வாரம் ‘ஐகோஸ் சாய்ஸ்’ வாங்கினேன். பழைய ஜப்பானைக் களமாகக் கொண்ட ‘ஷாடோ டாக்டிக்ஸ்’ என்ற ஒளிந்தாடும் கணினி விளையாட்டின் தொடர்ச்சி அது. மூல விளையாட்டு 2016இல் வந்தது, 13 கட்டங்கள். அவற்றை முடித்து ஆண்டுகள் போய்விட்டன. 2021 டிசம்பரில் வந்த இந்தத் தொடர்ச்சியில் அதே ஐந்து பேர்தான். முகென் சாக்கே மதுப் போத்தலை வைத்துக் காவலாளியை இழுக்கிறான். யூகி சீழ்க்கையடித்துப் பொறியில் விழுத்துகிறாள். ஐகோவுக்கு மாறுவேடம், தகுமாவுக்குத் துப்பாக்கி, ஹயாத்தோவுக்குக் கல்லும் ஷுரிக்கன் என்ற எறிகத்தியும். மூன்று பெரிய வரைபடங்கள், இடையிடையே சின்னக் கட்டங்கள். அவ்வளவுதான்.

ஆனால் முதல் வரைபடம் திறந்ததும் இருபது நிமிடம் ஒருவரையும் நகர்த்தவில்லை. கமராவைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவன் எங்கே நிற்கிறான், எவனை எவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், எந்த வைக்கோல் தொப்பிக்காரன் போத்தலுக்கு மசியமாட்டான் என்று. மனைவி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “விளையாடுகிறீர்களா, அவர்களோடு சேர்ந்து காவல் காக்கிறீர்களா?” என்று கேட்டாள்.

முழுப் புதிய விளையாட்டு வாங்கினால்கூட எனக்கு இந்தக் குறுகுறுப்பு வருவதில்லை. அதில் எந்த விசைக்கு எது என்று படிப்பதிலேயே முதல் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. இங்கே கைக்கு எல்லாம் தெரியும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்கும் இப்படித்தானா?

நிலாவெளி_நண்டு | வெள்ளி, இரவு 10.58

எனக்கு இல்லை அண்ணா. புதிய ஆயுதமில்லை, புதிய ஆளில்லை, சுவர்களை மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டுக் காசு கேட்கிறார்கள். நேற்று வைத்த மீன்குழம்பைச் சூடாக்கிக் கொடுப்பது போல.

சல்லி_வாசகி | வெள்ளி, இரவு 11.03

நிலாவெளியில் இருந்துகொண்டு, நேற்று வைத்த மீன்குழம்பைக் குறை சொல்கிறாய். உன் வீட்டில் யாரும் இந்த இழையைப் படிக்காமல் இருக்கட்டும்.

கிண்ணியா_நானா | வெள்ளி, இரவு 11.31

தம்பி உவர்மலைக்கு என் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும்.

2003 வாக்கில் திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் நான்கு கணினிகள் இருந்தன. மணிக்கணக்கில் காசு. ‘கமாண்டோஸ்’ அங்கேதான் எனக்கு அறிமுகம். 1998இல் வந்த விளையாட்டு. 20 கட்டங்களை முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது, ஏனென்றால் வாரத்தில் ஒரு நாள்தான் நான் கடல் கடந்து வருவேன். அப்போது கிண்ணியாப் பாலம் இல்லை, அது 2009இல்தான் திறந்தது. வருவதும் போவதும் பாதையில். (வெளியூர்த் தம்பிமாருக்கு: இங்கே ‘பாதை’ என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிச் செல்லும் படகு. றோட்டில்லை.)

ஒரு நாள் கடைக்காரர் மேசைக்கடியிலிருந்து இன்னோர் இறுவட்டை எடுத்தார். ‘பியாண்ட் த கால் ஆஃப் டியூட்டி’, 1999இல் வந்த தொடர்ச்சி. எட்டே எட்டுக் கட்டங்கள். அதே பச்சைத் தொப்பிக்காரன், அதே கத்தி. காவலாளியின் பார்வையும் அதே விசிறிதான்: கிட்டவுள்ள இளம்பச்சைப் பகுதியில் கால் வைத்தால் ஆள் காலி, தூரத்துக் கரும்பச்சைப் பகுதியில் தவழ்ந்து போனால் தெரியாது. புதிதாகக் கொடுத்ததில் எனக்கு நினைவிருப்பது, சிகரெட் பெட்டியை வீசிக் காவலாளியை இடம் மாற்றுவது.

முதல் கட்டத்தைத் திறந்தேன். பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு காவலாளியையும் தொடவில்லை. ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்த காசு முடிந்தது, அன்றைய கடைசிப் பாதையும் போய்விட்டது. அந்த இரவு பெரியம்மா வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டு படுத்தேன். எந்தக் கோபுரத்துக்காரன் எப்போது திரும்புகிறான் என்று கண்ணை மூடியபடி எண்ணிக்கொண்டிருந்தது இன்றும் நினைவிருக்கிறது.

எட்டுக் கட்டங்கள்தானே என்று நண்டுத்தம்பி சொல்லக்கூடும். அந்த எட்டும் எனக்கு இன்னொரு வருடம் வந்தன.

நிலாவெளி_நண்டு | வெள்ளி, இரவு 11.40

நானா, உங்களிடம் இருந்தது ஒரு கடை, ஓர் இறுவட்டு. வேறு வழியில்லாமல் ரசித்திருக்கிறீர்கள். எங்களுக்கு அடுத்த விளையாட்டு ஒரு சொடுக்கில் வந்துவிடுகிறது.

சல்லி_வாசகி | சனி, காலை 6.20

நண்டுக்கு எதிர்ச்சான்று தருகிறேன். ‘தீஃப்’, திருடனாக ஒளிந்து ஆடும் விளையாட்டு, 1998இல் வந்தது. அடுத்த ஆண்டே ‘தீஃப் கோல்ட்’ என்று மூன்று கட்டங்கள் சேர்த்துத் திரும்ப வெளியிட்டார்கள். அதை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 2000இல் மூடப்பட்டது. ஆனால் கட்டங்கள் நிற்கவில்லை. ரசிகர்கள் அந்தப் பழைய எஞ்சினிலேயே கட்டம் கட்டமாகச் செய்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2023இல், விளையாட்டுக்கு 25 வயதான போது, ‘த பிளாக் பரேட்’ என்று பத்துக் கட்டங்கள் கொண்ட முழுத் தொடர் ஒன்று வந்தது. அதே தண்ணீர் அம்பு, அதே பாசி அம்பு. ஒரு சொடுக்கில் ஆயிரம் விளையாட்டுக் கிடைக்கும் காலத்தில், 25 வருடப் பழைய கருவிகளுக்குப் புதிய வீடு கட்டுகிறார்கள், அதற்குள் போய்த் திருட இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. வேறு வழியில்லாமலா?

நான் இவற்றைப் பிடித்துக்கொண்டது 2022இல். மின்வெட்டு நாட்கள். என் மடிக்கணினி கிழடு, பெரிய விளையாட்டு எதையும் தாங்காது. ‘தீஃப்’ ஓடும். மின்சாரம் இருக்கும்போது பேட்டரியை நிரப்பி வைத்துவிட்டு, போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். தெருவே இருட்டு, திரையும் இருட்டு.

அந்த விளையாட்டில் உங்கள் எதிரி காவலாளி இல்லை, தரை. கம்பளத்திலும் புல்லிலும் நடந்தால் சத்தம் வராது. மரப்பலகை பரவாயில்லை. ஓடு வேண்டாம், இரும்புத் தட்டு வேண்டவே வேண்டாம். பாசி அம்பை எய்து தரையை மெத்தையாக்கலாம், ஆனால் அம்புகள் எண்ணிக்கையில்தான் கிடைக்கும். கையில் இருக்கும் வரைபடமும் அரைகுறை. யாரோ அவசரத்தில் கீறிக் கொடுத்தது போல இருக்கும். ஆகவே புதிய கட்டம் என்றால் எனக்குப் புதிய தரை. கதவைத் திறந்ததும் முதலில் கீழேதான் பார்ப்பேன். இப்போது நிஜ வீடுகளுக்குப் போனாலும் அப்படித்தான் பார்க்கிறேன், அது வேறு தொல்லை.

நிலாவெளி_நண்டு | சனி, காலை 9.15

சரி அக்கா, தரைக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் ஆள் ‘ஹிட்மேன்’, மாறுவேடம் போட்டு உள்ளே நுழையும் கூலிக் கொலையாளி. 2016இல் அதை ஒரேயடியாகத் தராமல் ஊர் ஊராகத் தந்தார்கள். மார்ச்சில் பாரிஸ், பிறகு சபியென்சா, மராகேஷ், பாங்காக், கொலராடோ, கடைசியில் ஹொக்கைடோ. எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அதுதான் நல்லதாகப் பட்டது. அடுத்த ஊர் வரும்வரை கையில் உள்ள ஊரைக் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான். சபியென்சாவில் மேலே வெயில் காயும் கடற்கரை ஊர், அடியில் ஆய்வுக்கூடம். அங்கே எந்தக் குழாயில் ஏறினால் எந்த ஜன்னல் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஹொக்கைடோ இன்னும் மேல். அது மலையுச்சி ஆஸ்பத்திரி. நீங்கள் போட்டிருக்கும் உடையைப் பார்த்துத்தான் கதவே திறக்கும். நோயாளி அங்கியோடு போனால் அறுவைச் சிகிச்சைப் பக்கம் திறக்காது. அதே ஆள், அதே விசைகள், ஒரே ஒரு விதி மாறியது, விளையாட்டே புதிதாகிவிட்டது. நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: சுவரை மட்டும் மாற்றினால் போதாது, ஒரு விதியாவது மாற வேண்டும்.

இன்னொன்று. 2022 ஜூலையில் ‘ஹிட்மேன்’ வரிசையில் அம்புரோஸ் தீவு என்ற புதிய கட்டம் இலவசமாக வந்தது. நான் அப்போது பெட்ரோல் வரிசையில். இரவு டேட்டாவில் போட்டுவிட்டுத் தூங்கி, விடிந்ததும் திறந்தால், அந்தமான் கடலில் ஒரு கடற்கொள்ளையர் தீவு. கொல்ல வேண்டிய இருவரில் ஒருத்திக்குப் பட்டப்பெயர் ‘அக்கா’. சின்ஹி ‘அக்கா’ வெந்தன். டென்மார்க்கில் செய்த விளையாட்டில் ‘அக்கா’ என்று கேட்டதும் கை நின்றுவிட்டது. அன்று அவளை விட்டுவிட்டுத் தீவைச் சுற்றிப் பார்த்தேன்.

கிண்ணியா_நானா | சனி, காலை 9.50

பார்த்தீர்களா, இவனும் ஆளைத் தொடாமல் சுற்றித்தான் பார்த்திருக்கிறான்.

உவர்மலைக்காரன் | சனி, பிற்பகல் 1.05

நண்டு சொன்ன ‘ஒரு விதி’ சரி. ‘ஷாடோ டாக்டிக்ஸி’ல் பனிக்கட்டம் வந்தபோது அப்படித்தான் இருந்தது. பனியில் கால்தடம் விழும், காவலாளி அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவான். பத்து மணி நேரம் பயமாக இருந்த தடம், புரிந்த பிறகு தூண்டிலாகிவிட்டது. வேண்டுமென்றே தடம் வைத்து வீட்டு மூலைக்கு வரவழைத்தேன்.

எனக்கு அடிக்கடி கிளித்தட்டு நினைவுக்கு வருகிறது. மைதானத்தில் மண்ணைக் கீறித் தட்டுப் போடுவோம். ஒவ்வொரு கோட்டிலும் ஒருவன் மறித்து நிற்பான், கிளி நடுக்கோட்டில் ஓடும். விதி எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சாம்பல்தீவு மணலில் போட்ட தட்டும் எங்கள் பள்ளிக்கூடத்துக் கட்டாந்தரையில் போட்ட தட்டும் ஒன்றில்லை. வேறு ஊருக்குப் போனால் முதல் ஆட்டத்தில் கால் தயங்கும். அந்தத் தயக்கத்தைத்தான் நான் காசு கொடுத்து வாங்குகிறேன் போலிருக்கிறது.

சல்லி_வாசகி | சனி, பிற்பகல் 1.22

உவமை அழகு, ஆனால் பொருந்தாது. கிளித்தட்டில் மறிப்பவனுக்கு உங்களைத் தெரியும். கண்ணுக்கு நேரே ஏமாற்றுகிறீர்கள். நாம் பேசுவது, நாம் இருப்பதே தெரியாதவனைப் பற்றி. அதற்கு ஒளித்துப் பிடித்தல்தான் உவமை. அதிலும் புதிய வீட்டுக்கு விருந்துக்குப் போய், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும்போது வரும் பயம். கட்டிலுக்கடியில் என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

மனையாவெளி_பழையவர் | சனி, இரவு 8.47

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா என்று யோசித்தேன்.

நான் இந்த ஊரில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவன். டார்ச் வெளிச்சம் மதிலில் ஊர்ந்து போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டு இருந்த இரவுகள் எனக்கு உண்டு. எந்தச் சோதனைச்சாவடியில் எத்தனை மணிக்கு ஆள் மாறும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மகன் இந்த விளையாட்டுகளை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய்விடுவேன்.

பிறகு ஒரு நாள் நின்று பார்த்தேன். காவலாளி மகனைக் கண்டுவிட்டான், கத்தினான், தேடினான். மகன் ஒரு பற்றைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் அந்தக் காவலாளி தன் தடத்துக்கே திரும்பிப் போய்விட்டான். நடந்ததையே மறந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. மறதியுள்ள காவலாளி. உங்கள் விளையாட்டில் இருக்கும் மிகப் பெரிய கற்பனை அதுதான், நிஞ்ஜாவும் மந்திரமும் அதற்குப் பிறகு.

போன மாதம் புதிய கட்டம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தான். நான் பின்னால் நின்று, “விளக்குக்காரன் போகட்டும், மூன்றாமவன் திரும்பும் முன் போ” என்றேன். வாய் தானாகச் சொன்னது. மகன் திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் புதிய கட்டம் வந்தால் எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போடுகிறான்.

கிண்ணியா_நானா | சனி, இரவு 9.10

ஐயா, கடைசிப் பாதையைத் தவறவிட்ட கதையை நான் சிரித்துக்கொண்டு எழுதினேன். பெரியம்மா ஏன் அப்படி ஏசினார் என்பதை எழுதவில்லை. நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

நிலாவெளி_நண்டு | சனி, இரவு 9.34

ஐயா, உங்கள் மகனின் இடத்தில் நான் இருந்தால் உங்களையே விளையாடச் சொல்வேன்.

மனையாவெளி_பழையவர் | சனி, இரவு 9.41

எனக்கு அந்த விசைகள் பிடிபடவில்லை தம்பி. வழி சொல்வது போதும்.

உவர்மலைக்காரன் | ஞாயிறு, காலை 7.30

ஐயா எழுதியதைப் படித்தபின் இரவு வெகுநேரம் யோசித்தேன். அவரைப் போன்றவர்களுக்குத் தெரியாத இடம் என்றால் ஆபத்து. எனக்கு அதே தெரியாத இடம் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. கமராவை மேலே தூக்கி எல்லோரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம், தவறினால் ‘சேவ்’ செய்த இடத்துக்குத் திரும்பலாம். ‘ஷாடோ டாக்டிக்ஸி’ல் ஒரு நிமிடம் ‘சேவ்’ செய்யாவிட்டால் திரையிலேயே மணி காட்டி நச்சரிப்பார்கள்.

சல்லி_வாசகி | ஞாயிறு, காலை 8.02

அந்த நச்சரிப்பை நான் வெறுக்கிறேன். புதிய கட்டத்தை முதல் முறை ‘சேவ்’ இல்லாமல்தான் ஆட வேண்டும். நூறு முறை ‘சேவ்’ செய்தால் நூறு சின்னப் புதிர்கள்தான் மிஞ்சும், ஊர் காணாமல் போய்விடும். மாட்டிக்கொண்டு ஓடும்போதுதான் எனக்குக் குறுக்குவழிகள் தெரியவந்திருக்கின்றன. ஓடாதவருக்கு அந்தச் சமையலறைக் கதவு ஒருபோதும் தெரியாது.

கிண்ணியா_நானா | ஞாயிறு, காலை 8.15

மணிக்குக் காசு கொடுத்து ஆடியவனிடம் இதைச் சொல்லாதே தங்கச்சி. ‘சேவ்’ இல்லாவிட்டால் நான் இன்னும் அந்தக் கடையில்தான் இருந்திருப்பேன்.

நிலாவெளி_நண்டு | ஞாயிறு, காலை 10.26

இவ்வளவு பேசுகிறோமே, நம் ஊரில் ஒரு கட்டம் செய்தால் என்ன? பிரெட்ரிக் கோட்டை. வாசலில் நுழைந்து கோணேசர் கோயில் வரை. காவலாளிகளோடு மான்களும்! கிட்டப் போனால் கூட்டமாகத் துள்ளி ஓடும், அதைப் பார்த்துக் காவலாளி திரும்புவான்.

சல்லி_வாசகி | ஞாயிறு, காலை 10.51

சிரிக்காதீர்கள், இது நடக்கக்கூடியது. ‘தீஃப்’ பாணியில் செய்த ‘த டார்க் மொட்’ முழுக்க இலவசம், 2013இலிருந்து தனி விளையாட்டாகவே ஓடுகிறது, கட்டம் கட்டுவதற்கான கருவியும் இலவசம். ரசிகர்கள் செய்த கட்டங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

மானை நான் ஏற்கிறேன். ஆனால் நண்டு முக்கியமானதை விட்டுவிட்டான். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். வெறுங்கால்! செருப்போடு போனால் வேகம், ஆனால் கருங்கல்லில் சத்தம். கழற்றினால் ஓசையில்லை, ஆனால் திரும்பிப் போகும்போது செருப்பு அங்கே கிடப்பதைக் காவலாளி கண்டுவிடலாம். ‘ஸ்ப்ளிண்டர் செல்’ வரிசையில் 2005இல் வந்த ‘கேயாஸ் தியரி’யில், சுற்றுச் சத்தம் எவ்வளவு, உங்கள் சத்தம் எவ்வளவு என்று ஒரு மீட்டர் காட்டும். இங்கே பூசை மணி அடிக்கும்போது ஓடலாம். கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் கச்சான் காற்று வீசினால் ஒரு யானையே நடக்கலாம், யாருக்கும் கேட்காது.

உவர்மலைக்காரன் | ஞாயிறு, காலை 11.20

என்ன நோக்கம்? கோயிலில் யாரையும் கொல்லும் கட்டத்துக்கு நான் வரமாட்டேன்.

மனையாவெளி_பழையவர் | ஞாயிறு, காலை 11.44

கொல்ல வேண்டாம். 1620களுக்குப் போங்கள். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லில் கோட்டை கட்டிய காலம். சித்திரைப் புத்தாண்டு நாளில் சுவாமி ஊர்வலமாக வெளியே போயிருந்தபோது, ஐயர் வேடம் போட்டு உள்ளே நுழைந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். 1950இல் கிணறு தோண்டும்போது புதைந்திருந்த பழைய சிலைகள் கிடைத்தன. யாரோ இரவோடிரவாகக் கொண்டுபோய்ப் புதைத்திருக்க வேண்டும் அல்லவா? அந்த ‘யாரோ’தான் உங்கள் ஆள். சிலையைத் தூக்கினால் ஓட முடியாது.

நிலாவெளி_நண்டு | ஞாயிறு, காலை 11.46

ஐயா!! மாறுவேடம் எதிரியிடம்! ஹிட்மேனைத் தலைகீழாக்கிவிட்டீர்கள். ஐயர்களில் யார் உண்மை ஐயர் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

சல்லி_வாசகி | ஞாயிறு, காலை 11.58

காலைப் பார்த்தால் போதும். சப்பாத்துப் போட்டுப் பழகிய கால் கருங்கல்லில் வெறுங்காலோடு நடக்கத் தெரியாமல் நடக்கும். நண்டு கேட்ட ‘ஒரு விதி’ இதோ.

கிண்ணியா_நானா | ஞாயிறு, பிற்பகல் 12.30

ஒரே கேள்வி. நாங்கள் எல்லோரும் கோட்டைக்குள் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்போம். செய்து முடித்தபின் நமக்கு அது புதிய கட்டமாக இருக்குமா?

சல்லி_வாசகி | ஞாயிறு, பிற்பகல் 12.41

நமக்கு இருக்காது நானா. காலி, மட்டக்களப்பு, மதுரை என்று எங்கோ இருக்கும் ஒருவர் திறந்து வைத்துக்கொண்டு இருபது நிமிடம் அசையாமல் பார்ப்பார். அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

நிலாவெளி_நண்டு | ஞாயிறு, மாலை 3.12

உவர்மலை அண்ணா, அதிருக்கட்டும், ‘ஐகோஸ் சாய்ஸை’ முடித்துவிட்டீர்களா? கடைசிக் கட்டம் எப்படி?

உவர்மலைக்காரன் | ஞாயிறு, மாலை 3.40

மூன்றாவது பெரிய வரைபடத்தை இன்னும் திறக்கவில்லை. அதைச் செய்த மிமிமி நிறுவனம் 2023 ஆகஸ்டில் கடையை மூடப்போவதாக அறிவித்துவிட்டது. அந்த டிசம்பரில் தங்கள் இன்னொரு விளையாட்டான ‘ஷாடோ கேம்பிட்’டுக்கு இரண்டு தொடர்ச்சிகளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் கையால் இனி ஒன்றும் வராது. ஆகவே ஒன்று மிச்சமிருக்கட்டும்.

இப்போது கோட்டைக்குக் கிளம்புகிறேன். பொழுது சாயும்போது மான்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்று பார்க்க வேண்டும். மனைவியும் வருகிறாள், காவல் காக்க இரண்டு பேர் இருந்தால் நல்லது என்கிறாள்.